குடிபெயர முன் கணக்கெடு! அரசாங்க சேர்வர்களின் கதையும் நம்ம ஊர்ப் பதிவுகளும்



கொஞ்சம் நீளமான பதிவு இது. தேத்தண்ணி ஒன்றை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள். கொம்பியூட்டர் விடயம் என்று தாண்டிப் போய்விட வேண்டாம். கதிரவெளியில் மீன்பிடிக்கிறவருக்கும், மாங்கேணியில் வயல் செய்கிறவருக்கும், ஓட்டமாவடியில் கடை வைத்திருக்கிறவருக்கும் இதில் பங்கு இருக்கிறது. ஏனென்றால் இது நம் எல்லோருடைய பிறப்பு, காணி, படிப்பு, சம்பளம், ஓய்வூதியம் ஆகியவை எழுதி வைக்கப்பட்டிருக்கும் இடத்தைப் பற்றிய வரலாறு.

■ 2023 ஓகஸ்டில் நடந்தது என்ன?

2023 ஓகஸ்ட் 26ஆம் திகதியளவில் இலங்கை அரசாங்கத்தின் 'லங்கா கவர்மன்ட் கிளவுட்' என்ற பொதுச் சேர்வர் தொகுதி மீது ஒரு தாக்குதல் நடந்தது. ரன்சம்வெயார் என்று சொல்வார்கள். கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்கக் காசு கேட்கும் வகை. 'கொவ் டொட் எல்கே' என்று முடிகின்ற அரசாங்க ஈமெயில் கணக்குகள் சுமார் 5,000 பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அதில் அடக்கம்.

ஈமெயில் சேவையை 12 மணித்தியாலங்களுக்குள் மீண்டும் ஓட வைத்துவிட்டார்கள். ஆனால் அந்த ஆண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான ஈமெயில்கள் திரும்பி வரவில்லை. தாக்கியவர்கள் பிரதிகளையும் சேர்த்தே பூட்டிவிட்டார்கள். வெளியே தனியாக எடுத்து வைத்த பிரதி அந்தக் காலத்துக்கு இருக்கவில்லை. மூன்று மாதத்துக்கு மேற்பட்ட அரசாங்கக் கடிதப் போக்குவரத்து இல்லாமற் போனது.

ஏன் நடந்தது என்று தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம், அதாவது நாம் இக்டா என்று சொல்லும் நிறுவனம், அப்போதே பகிரங்கமாகச் சொன்னது. அந்த ஈமெயில்கள் ஓடியது மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற மென்பொருளில். அதற்கான ஆதரவை மைக்ரோசொப்ட் 2023 ஏப்ரல் 11ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது. புதிய பதிப்புக்கு மாற வேண்டும் என்பது 2021 முதலே திட்டத்தில் இருந்தது. பணமில்லாததாலும் முன்னைய தீர்மானங்களாலும் அது தள்ளிப் போனது.

இந்த ஒரு சம்பவத்துக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. முதலாவது: ஒரு சேர்வருக்குள் என்னென்ன ஓடுகிறது, எந்தப் பதிப்பு, எப்போது காலாவதி என்று நமக்குத் தெரியுமா? இரண்டாவது: தெரிந்திருந்தால், அதைச் செய்ய வேண்டியவர் யார்? இந்த இரண்டு கேள்விகளையும் கையில் பிடித்துக்கொண்டு வாருங்கள், வரலாற்றுக்குள் போவோம்.

■ சேர்வர் என்றால் என்ன, கொள்கலன் என்றால் என்ன?

சேர்வர் என்பதும் ஒரு கொம்பியூட்டர்தான். இரவு பகல் அணையாமல், தூரத்தில் இருப்பவர்கள் கேட்பதைக் கொடுத்துக்கொண்டிருக்கும். பரீட்சைப் பெறுபேறு வந்த இரவில் பிள்ளை சுட்டெண்ணைத் தட்டுகிறதே, அதற்குப் பதில் சொல்வது ஒரு சேர்வரில் ஓடும் மென்பொருள்.

ஒரு சேர்வரில் ஒன்றல்ல, பல மென்பொருட்கள் ஓடும். பத்து வருடம் ஓடிய சேர்வர் என்பது பத்து வருடம் குடியிருந்த வீடு மாதிரி. யார் எப்போது எந்த ஆணியை அடித்தார்கள், எந்தப் பெட்டி யாருடையது என்று வீட்டுக்காரருக்கே மறந்து போயிருக்கும். ஒரு மென்பொருளைப் புதுப்பித்தால் மற்றது முறிந்துவிடும். அதற்குப் பயந்தே ஒன்றையும் தொடாமல் விடுவார்கள். தொடாமல் விட்டது பழசாகும். பழசானது கள்வனுக்குக் கதவாகும்.

இதற்குத் தீர்வாக வந்ததுதான் கொள்கலன். இந்தப் பெயர் கப்பலிலிருந்து வந்தது. 1956 ஏப்ரல் 26ஆம் திகதி அமெரிக்காவின் நியுவார்க் துறைமுகத்திலிருந்து 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் 58 இரும்புப் பெட்டிகளோடு ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. லொறிக் கம்பனி நடத்திய மல்கம் மக்லீன் என்பவரின் யோசனை அது. அதற்கு முன் மூடை மூடையாக, பெட்டி பெட்டியாக ஆட்கள் சுமந்து ஏற்றினார்கள். பிறகு எல்லாம் ஒரே அளவுப் பெட்டிக்குள். உள்ளே தேயிலையா, சைக்கிளா என்று பாரந்தூக்கிக்குக் கவலையில்லை. 1980களில் கொழும்புத் துறைமுகமும் ஜய கொள்கலன் முனையத்தோடு அந்த உலகத்துக்குள் நுழைந்தது.

மென்பொருளிலும் அதே யோசனைதான். ஒரு மென்பொருளையும் அதற்குத் தேவையான துணைக் கோப்புகளையும் ஒரே பெட்டிக்குள் அடைத்துவிட்டால், எந்தச் சேர்வரிலும் தூக்கி வைக்கலாம். பக்கத்துப் பெட்டியோடு சண்டை இல்லை. இது ஒரே நாளில் வந்ததல்ல. 1979இல் யுனிக்ஸின் ஏழாவது பதிப்பில், ஒரு நிரலுக்குக் கோப்புத் தொகுதியின் ஒரு மூலையை மட்டும் காட்டும் வசதி வந்தது. 2000ஆம் ஆண்டில் ஃபிரீபிஎஸ்டி அதை 'ஜெயில்' என்ற பெயரில் இன்னும் இறுக்கியது. கூகுள் பொறியியலாளர்கள் 2006இல் தொடங்கிய வேலை 2008இல் லினக்ஸின் கருவுக்குள் போய்ச் சேர்ந்தது. இந்த நிரல் இவ்வளவு நினைவகம்தான் சாப்பிடலாம் என்று பங்கு பிரித்துக் கொடுக்கும் வேலை அது. 2013 மார்ச்சில் டொக்கர் வந்து இதையெல்லாம் சாதாரண நிரலாளரின் கைக்குக் கொண்டு வந்தது. 2014இல் கூகுள் வெளியிட்ட குபெர்னெட்டிஸ், ஆயிரக்கணக்கான பெட்டிகளை அடுக்கி நிர்வகிக்கும் துறைமுக மேலாளர் மாதிரி. இன்று உலகத்தில் அரசாங்கங்களும் வங்கிகளும் பல்கலைக்கழகங்களும் தங்கள் பழைய சேர்வர்களைக் காலி செய்து இந்தப் பெட்டிகளுக்குள் குடிபெயர்கின்றன.

■ பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

பெட்டி வசதிதான். ஆனால் பெட்டியை மூடும் முன் உள்ளே என்ன போகிறது என்று எழுதாவிட்டால் என்ன ஆகும் என்பதை இலங்கையின் கரையில் வாழும் நாம் கண்ணால் கண்டோம்.

2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்தது. அதில் 1,486 கொள்கலன்கள் இருந்தன. அவற்றில் 81இல் ஆபத்தான பொருட்கள். ஒன்றில் நைத்திரிக் அமிலம் ஒழுகிக்கொண்டிருந்தது. இந்தியாவின் ஹசிரா துறைமுகத்திலும் கட்டாரின் ஹமத் துறைமுகத்திலும் அந்தப் பெட்டியை இறக்கக் கேட்டும் இறக்கவில்லை. பிறகு தீ. பிறகு கடல் முழுக்க பிளாஸ்டிக் மணிகள். மேற்குக் கரையில் மீனவர்கள் தொழிலுக்குப் போக முடியாமல் வீட்டில் இருந்தார்கள். கடலாமைகள் செத்து ஒதுங்கின.

கவனியுங்கள். அந்தக் கப்பலிலும் பட்டியல் இருந்தது. ஒழுகுகிறது என்பதும் தெரிந்திருந்தது. பட்டியலில் இருந்த ஒரு வரிக்கு 'இது என் பொறுப்பு' என்று சொல்ல யாரும் முன்வரவில்லை. 2023இன் ஈமெயில் சேர்வரும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

■ தூரத்திலிருந்து கணக்கெடுப்பது எப்படி?

பாடசாலையில் வேலை செய்யும் நமக்கு இன்வென்டரி புத்தகம் புதிதல்ல. வருடம் முடியும்போது கதிரை, மேசை, அலுமாரி, கொம்பியூட்டர் எல்லாவற்றையும் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். புத்தகத்தில் இருபது கதிரை, வகுப்பில் பதினேழு. மூன்று எங்கே? விழாவுக்கு எடுத்துப் போய்த் திரும்பி வரவில்லையா, உடைந்து பின்னால் கிடக்கிறதா? கணக்கெடுப்பின் பயனே அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

சேர்வரில் வித்தியாசம் என்னவென்றால், பொருளைக் கையால் தொட முடியாது. சேர்வர் கொழும்பிலோ சிங்கப்பூரிலோ இருக்கும். கணக்கெடுப்பவர் வேறெங்கோ இருப்பார். ஆகவே வலையமைப்பு வழியாகவே கேட்டுக் கேட்டு எழுத வேண்டும். அதற்கும் ஒரு வரலாறு உண்டு. தூரத்து இயந்திரத்திடம் 'நீ யார், எப்படி இருக்கிறாய்' என்று கேட்கும் பொதுவிதி, எஸ்என்எம்பி என்ற பெயரில் 1988இல் எழுதப்பட்டது. 1995இல் பின்லாந்தில் தத்து இலோனன் என்பவர் எஸ்எஸ்எச் என்ற பூட்டிய வழியை உருவாக்கினார். தூரத்துச் சேர்வருக்குள் யாரும் ஒட்டுக் கேட்காமல் போய் வர அது வழி திறந்தது. 1997இல் என்மேப் வந்தது. ஊர் முழுக்க ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டி எது திறந்திருக்கிறது என்று பார்ப்பதைப் போல, வலையமைப்பிலுள்ள எந்த இயந்திரத்தில் எந்த வாசல் திறந்திருக்கிறது என்று அது சொல்லும். 2012இல் அன்சிபிள் வந்தது. சேர்வரில் எதையும் தனியாக நிறுவாமல், ஒரே கட்டளையை நூறு சேர்வர்களிடம் ஒரே நேரத்தில் கேட்டுப் பதிலை ஒரு பட்டியலாகக் கொண்டு வரலாம்.

இந்தக் கருவிகளைக் கொண்டு கொள்கலனுக்கு மாற்றும் முன் கேட்கப்படும் கேள்விகள் இவை:

1. என்னென்ன மென்பொருள் நிறுவப்பட்டிருக்கிறது, ஒவ்வொன்றும் எந்தப் பதிப்பு, ஆதரவு எப்போது முடிகிறது?

2. நிறுவப்பட்டதில் எது உண்மையில் ஓடிக்கொண்டிருக்கிறது? (இருப்பதும் ஓடுவதும் ஒன்றல்ல.)

3. எந்த வாசல்கள் வெளியுலகுக்குத் திறந்திருக்கின்றன?

4. இந்தச் சேர்வர் வேறு எந்தச் சேர்வரோடு பேசுகிறது? ஒன்றை மட்டும் பெயர்த்து எடுத்தால் மற்றது தேடித் தவிக்குமா?

5. தரவு எந்த இடத்தில் எழுதப்படுகிறது?

6. நள்ளிரவிலும் மாத முடிவிலும் தானாக ஓடும் வேலைகள் எவை?

7. கடவுச்சொற்கள், சாவிகள், சான்றிதழ்கள் எங்கே இருக்கின்றன, எப்போது காலாவதி?

8. இதற்குப் பொறுப்பான ஆள் யார்? அவர் இன்னும் வேலையில் இருக்கிறாரா?

ஐந்தாவது கேள்வியில் கொஞ்சம் நிற்க வேண்டும். கொள்கலன் என்பது தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக வைக்கக்கூடிய பெட்டி. அதன் பலமே அதுதான். பெட்டியை எறியும்போது உள்ளே எழுதியதும் போய்விடும். ஆகவே தரவைப் பெட்டிக்கு வெளியே, தனிக் களஞ்சியத்தில் வைக்க வேண்டும். பழைய மென்பொருள் ஒன்று யாருக்கும் தெரியாத மூலையில் கோப்புகளை எழுதிக்கொண்டிருந்தால், அதைக் கண்டுபிடிக்காமல் பெட்டிக்குள் அடைத்தால், முதல் முறை பெட்டி மாறும்போதே அந்தக் கோப்புகள் இல்லாமற் போகும். யாரும் தாக்கத் தேவையில்லை. நாமே அழித்துவிடுவோம்.

ஆறாவது கேள்வியும் அப்படித்தான். ஒரு நாள் மட்டும் எட்டிப் பார்த்து எழுதும் கணக்கு பிழைக்கும். ஓகஸ்டில் வந்து உப்பாற்றைப் பார்த்தவர் இவ்வளவுதான் தண்ணீர் என்று எழுதிக்கொண்டு போவார். மார்கழியில் வந்தவர் வேறு கணக்கு எழுதுவார். களப்பை அறிய முழு வருடமும் பக்கத்தில் இருக்க வேண்டும். சேர்வரும் அதே மாதிரி. சம்பள வேலை மாதத்துக்கு ஒரு தடவை, பெறுபேறு வருடத்துக்கு ஒரு தடவை, வாக்காளர் இடாப்பு வருடத்துக்கு ஒரு தடவை. செவ்வாய்க்கிழமை காலையில் கணக்கெடுத்தவர் கண்ணுக்கு இவை ஒன்றும் தெரியாது. அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் ஒரு மாதமாவது, முடிந்தால் ஒரு முழுச் சுற்றாவது பார்த்துக்கொண்டே இருந்து எழுதுவார்கள்.

எழுதி முடிந்ததும் பட்டியல் நான்காகப் பிரியும். அப்படியே பெட்டிக்குள் போகக்கூடியவை. திருத்திய பிறகு போகக்கூடியவை. இருந்த இடத்திலேயே இருக்க வேண்டியவை. இனித் தேவையில்லை என்று அணைத்துவிட வேண்டியவை. குடிபெயர்வது என்றால் எல்லாவற்றையும் சுமந்து போவது என்று அர்த்தமில்லை.

■ கணக்கு இல்லாதவர்களுக்கு நடந்தது

உலகம் முழுக்கச் சேர்ந்து செய்த முதல் பெரிய மென்பொருள் கணக்கெடுப்பு 2000ஆம் ஆண்டுப் பிரச்சினைக்காக நடந்தது. நினைவகம் விலையாக இருந்த காலத்தில் வருடத்தை இரண்டு இலக்கத்தில் எழுதி வைத்தார்கள். 99க்குப் பிறகு 00 வந்தால் அது 1900ஆ, 2000ஆ? திருத்துவதற்கு முன், எந்த நிரலில் திகதி இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. பல நிறுவனங்கள் தம்மிடம் என்னென்ன நிரல்கள் இருக்கின்றன என்பதை முதல் தடவையாக அறிந்தது அப்போதுதான். ஜனவரி முதலாம் திகதி பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 'சும்மா பயம் காட்டினார்கள்' என்று பலர் சிரித்தார்கள். மழைக்கு முன் கூரை வேய்ந்தவனைப் பார்த்து, உன் வீடு ஒழுகவில்லையே, ஏன் வேய்ந்தாய் என்று கேட்பது போன்ற சிரிப்பு அது.

2017இல் அமெரிக்காவின் ஈக்விஃபெக்ஸ் என்ற கடன் தகவல் நிறுவனத்திலிருந்து சுமார் 147 மில்லியன் மக்களின் விபரங்கள் களவு போயின. பின்னர் நடந்த விசாரணைகளைப் படித்தால் நம் பாடம் அப்படியே இருக்கிறது. அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற மென்பொருளின் ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச் மாதமே வெளியாகிவிட்டது. அதைப் போடுங்கள் என்று நிறுவனத்துக்குள் ஈமெயிலும் போனது. தூரத்திலிருந்து வருடிப் பார்த்தார்கள். ஓட்டையுள்ள சேர்வர் அந்த வருடலில் அகப்படவில்லை. முழுமையான மென்பொருள் இருப்புப் பட்டியல் அவர்களிடம் இருக்கவில்லை. மே மாதம் கள்வர் புகுந்தார்கள். ஜூலைக் கடைசி வரை யாருக்கும் தெரியாது.

2021 டிசம்பரில் இன்னொன்று. ஜாவா மென்பொருட்கள் தங்கள் நாட்குறிப்பை எழுதப் பயன்படுத்தும் லொக்4ஜே என்ற சின்னத் துணைமென்பொருளில் பயங்கர ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. திருத்துவது கஷ்டமாக இருக்கவில்லை. தேடுவதுதான் கஷ்டம். அது வேறு மென்பொருளின் வயிற்றுக்குள், அதற்குள் இன்னொன்றின் வயிற்றுக்குள் ஒளிந்திருந்தது. உலகம் முழுக்கப் பொறியியலாளர்கள் வருடக் கடைசி விடுமுறையை விட்டுவிட்டு 'நம்மிடம் இது எங்கே இருக்கிறது?' என்ற ஒரே கேள்வியோடு சேர்வர் சேர்வராகத் தேடினார்கள். பட்டியல் வைத்திருந்தவர்கள் சீக்கிரம் படுக்கப் போனார்கள். உணவுப் பொதியின் பின்னால் சேர்மானங்களை அச்சிடுவதைப் போல மென்பொருளுக்கும் பொருட்பட்டியல் வேண்டும் என்ற கோரிக்கை அதற்குப் பிறகு வலுத்தது.

■ நம் நாட்டின் கதை

2003ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இக்டா உருவானது. அரசாங்கத் திணைக்களங்களைக் கொம்பியூட்டருக்குக் கொண்டு வருவது அதன் வேலை.

அடுத்த வருடம் டிசம்பர் 26, போயா தினம், ஞாயிற்றுக்கிழமை. வாகரைக் கரைக்கு அந்த நாளைப் பற்றிச் சொல்லித் தரத் தேவையில்லை. ஆனால் அந்த நாட்களில் கொழும்பில் நடந்த ஒன்று நம்மில் பலருக்குத் தெரியாது. லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷனைச் சேர்ந்தவர்களும் தொண்டர்களும் ஒன்று கூடி, இரவு பகலாக இருந்து 'சஹன' என்ற மென்பொருளை எழுதினார்கள். சிங்களத்தில் அதற்கு நிவாரணம் என்று பொருள். காணாமற் போனவர் பட்டியல், முகாம்களின் பட்டியல், உதவி நிறுவனங்களின் பட்டியல், எந்த முகாமுக்கு என்ன தேவை, கையிருப்பில் என்ன இருக்கிறது என்ற பட்டியல். முழுக்க முழுக்கக் கணக்கெடுப்பு. யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று மூலநிரலையும் திறந்து விட்டார்கள். அடுத்த வருடம் பாகிஸ்தான் பூகம்பத்திலும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும், 2010இல் ஹெய்ட்டி பூகம்பத்திலும் அது பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்கான, சமூக நன்மைக்கான கட்டற்ற மென்பொருள் விருதும் அதற்குத்தான் கிடைத்தது. உலகத்துக்கே கணக்கெடுக்கச் சொல்லிக் கொடுத்த நாடு இது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

அதே நாட்டில்தான், 2021 ஜூலையில், தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் பெருமளவு கோப்புகள் அதே அரசாங்கக் கிளவுட்டிலிருந்து அழிந்து போயின. நாம் குடிக்கிற மருந்துகளின் பதிவு சம்பந்தமான கோப்புகள் அவை. விடயம் குற்றப் புலனாய்வுக்கும் நீதிமன்றத்துக்கும் போனது. இரண்டு வருடம் கழித்து ஈமெயில்கள் போயின. திறமை இல்லாத நாடல்ல இது. அவசரத்தில் அருமையாகச் செய்கிறோம். அவசரம் இல்லாத நாளில், சாதாரணச் செவ்வாய்க்கிழமைகளில் செய்ய வேண்டிய வேலையில்தான் விட்டுவிடுகிறோம்.

■ வாகரைக்கு இதில் என்ன?

நம் மண்ணில் குடிபெயர்வு என்றால் மென்பொருள் நினைவுக்கு வராது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது யாழ்ப்பாணத்தில் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். காணி உறுதியை எடுக்க முடியாமல் வந்தவர்கள் எத்தனை பேர். 2004இல் கடல் அந்த அவகாசத்தையும் தரவில்லை. 2006 கடைசியிலும் 2007 தொடக்கத்திலும் வாகரை, கதிரவெளி, பால்சேனை மக்கள் உயிரை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு களப்பையும் காட்டையும் கடந்து போனார்கள். தமிழர், முஸ்லிம், கரையோர ஆதிவாசி என்று பார்க்காமல் எல்லோருக்கும் பிறகு ஒரே கேள்விதான் வந்தது: 'பத்திரம் எங்கே?' பிறப்பு அத்தாட்சி இல்லாமல் அடையாள அட்டை இல்லை. அடையாள அட்டை இல்லாமல் பரீட்சை இல்லை, வங்கி இல்லை, வாக்கு இல்லை. நடமாடும் சேவைகளில் வரிசையில் நின்ற உம்மாமாரையும் அம்மாமாரையும் நாம் பார்த்திருக்கிறோம்.

அப்போது நம்மைக் காப்பாற்றியது எது? இன்னொரு இடத்தில் இருந்த பிரதி. கச்சேரியிலோ, கொழும்பிலோ, வேறொரு பதிவேட்டிலோ இருந்த இரண்டாவது வரி. வீட்டிலிருந்த தாள் தண்ணீரில் போனாலும் அந்த வரி இருந்தவருக்கு வாழ்க்கை திரும்பக் கிடைத்தது. இல்லாதவர் சத்தியக் கடதாசியோடும் சாட்சிகளோடும் வருடக் கணக்கில் அலைந்தார்.

இன்று அந்த இரண்டாவது வரி சேர்வருக்குள் போய்க்கொண்டிருக்கிறது. அரசாங்கக் கொடுப்பனவுகளுக்காக 2025 பெப்ரவரியில் கவ்பே வந்தது. டிஜிட்டல் அடையாள அட்டைக்கு வேலை நடக்கிறது. ஆசிரியர் விபரம், மாணவர் விபரம் எல்லாம் ஒன்லைனில் ஏற்றச் சொல்கிறார்கள். நல்லது. பனிச்சங்கேணி தாண்டிப் பஸ் ஏறிப் போய் ஒரு முத்திரைக்காக ஒரு நாள் கூலியை இழக்கும் நிலை மாற வேண்டும். நாம் இந்த மாற்றத்துக்கு எதிரி அல்ல. ஆனால் பழைய வீட்டிலிருந்து புதிய வீட்டுக்குப் பெட்டிகள் ஏற்றப்படும்போது நம்முடைய வரி எந்தப் பெட்டியில் போகிறது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. தூரக் கிராமத்தின் பதிவு, தாமதமாகப் பதியப்பட்ட பிறப்பு, தமிழில் மட்டும் எழுதப்பட்ட பெயர், இரண்டு விதமாக எழுத்துக்கூட்டப்பட்ட முஸ்லிம் பெயர். கணக்கெடுப்பில் முதலில் விடுபடுவது எப்போதும் விளிம்பில் உள்ள வரிதான்.

■ நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. பிரதேச செயலகத்திலும் ஏனைய அரசாங்க நிறுவனங்களிலும் தகவல் உத்தியோகத்தர் இருப்பார். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் தீர்மானிக்க வேண்டும். 'எங்கள் பிரிவின் பதிவுகள் எந்த முறைமையில் இருக்கின்றன? அதன் பிரதி வேறு இடத்தில் எடுக்கப்படுகிறதா? கடைசியாக அந்தப் பிரதியிலிருந்து மீட்டுப் பார்த்தது எப்போது?' இந்த மூன்று கேள்விகளையும் சண்டை பிடிக்காமல், மரியாதையாக, எழுத்தில் கேட்கலாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. அதையும் நம் இளைஞர்கள் படிக்க வேண்டும்.

இரண்டாவது, நம்மிடம் இருப்பதைக் கணக்கெடுக்கலாம். பள்ளிவாசல், கோயில், கடற்றொழில் சங்கம், கிராம அபிவிருத்திச் சங்கம், ஜனாஸா சங்கம், பாடசாலை அபிவிருத்திச் சங்கம். ஒவ்வொன்றிலும் ஒரு பதிவேடு இருக்கிறது. பல இடங்களில் அது ஒருவரின் போனுக்குள்ளோ, ஒருவரின் லெப்டொப்புக்குள்ளோ, அவருக்கு மட்டும் தெரிந்த பாஸ்வேர்டுக்குள்ளோ இருக்கிறது. அவர் வெளிநாடு போனால் சங்கமே குருடாகிவிடும். ஆகவே ஒரு கொப்பி எடுங்கள். ஐந்து நிரல் போடுங்கள்: என்ன பதிவு, எங்கே இருக்கிறது, பிரதி எங்கே, கடைசியாகச் சரிபார்த்த திகதி, பொறுப்பாளர் பெயர். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் போதும்.

மூன்றாவது, அந்தக் கடைசி நிரலை வெறுமையாக விடாதீர்கள். எக்ஸ்பிரஸ் பேர்லிலும் எக்ஸ்சேஞ்ச் 2013இலும் பட்டியல் இல்லாமலா போனது? ஆள் இல்லாமல் போனது. குர்ஆனின் மிக நீளமான வசனமே கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது என்பதை நாம் எல்லோரும் அறிவோம். அங்கே எழுதுகிறவரும் உண்டு, சாட்சிகளும் உண்டு. எழுத்து மட்டும் தனியே நிற்பதில்லை.

நான்காவது, உயர்தரத்தில் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகளுக்கு: இந்தத் துறையில் வேலை இருக்கிறது. தூரத்திலிருந்து கணக்கெடுப்பது என்பதே தூரத்தில் இருப்பவருக்கும் செய்யக் கிடைக்கும் வேலை என்பதுதான். லினக்ஸ், எஸ்எஸ்எச், அன்சிபிள், டொக்கர் எல்லாம் இலவசம். பழைய லெப்டொப் ஒன்றும் பொறுமையும் இருந்தால் போதும். நாளைக்கு நாட்டின் பதிவுகளைக் கொள்கலனில் ஏற்றும் குழுவில் வாகரைப் பிள்ளை ஒன்று இருந்தால், வாகரையின் வரி விடுபடாது, இன்ஷா அல்லாஹ்.

உங்கள் சங்கத்தில், பள்ளிவாசலில், கோயிலில், பாடசாலையில் பதிவேடு எங்கே இருக்கிறது, யார் பொறுப்பு என்று கீழே எழுதுங்கள். தெரியாவிட்டால் 'தெரியாது' என்று எழுதுங்கள். அதுவும் ஒரு கணக்கெடுப்புத்தான். கொப்பி போட உதவி தேவையான சங்கங்கள் சொல்லுங்கள். பின்னேரங்களில் நாம் வருகிறோம்.